மிஸ் லுவென்னா வீட்டுச் சாய்தளத்துக்கு எந்த நிறம்

பிரஷ், சாய்தளக் கைப்பிடியின் அடிப்பக்கம்வரை போய், யாரும் குனிந்து பார்க்காத அந்த இடத்தையும் ஒருமுறை தடவிவிட்டு, வந்த வழியே திரும்பியது. இடது கையில் ஒரு பழைய துணி சுருட்டியபடி தயாராக இருந்தது, சொட்டு விழுந்தால் துடைக்க. சொட்டு விழவில்லை. மரத்தின் ரேகைகளை மூடிக்கொண்டு பச்சை மெல்லப் பரவியது. தூணின் தலையில் வெள்ளை. பச்சையும் வெள்ளையும் சேர்கிற இடத்தில் கோடு கத்தியால் கீறியது போல இருந்தது. அந்தக் கோட்டை ரசிப்பதற்காக இரண்டு கைகளும் வேலையை விட்டுவிட்டு இடுப்புக்குப் போயின.

கைகளுக்குச் சொந்தக்காரர் ஹோரஸ் மேபின். ஆல்டர்டனில், ரோ லாம்டா ரோ சங்கத்தின் எங்கள் கிளையில், படியேற முடியாதவர்களுக்குச் சாய்தளம் கட்டுவது என்றால் அவர்தான் முன்னால் நிற்பார். பெரிய தச்சர் என்று எண்ணிவிட வேண்டாம். உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளின் முடியையும் பாவாடை நீளத்தையும் கண்ணால் அளந்தே காலம் தள்ளியவர், கையில் அளவுநாடா கிடைத்ததும் விடவில்லை. ஒரு பலகையை அளப்பார். மறுபடி அளப்பார். பிறகு பக்கத்தில் நிற்பவரை அளக்கச் சொல்வார், அவர் சொன்னதை நம்பாமல் இன்னொரு தடவை தானே அளப்பார். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை யாரும் தும்மக்கூடாது. ஒரு அங்குலம் உயர ஒரு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. அதைச் சிலர் ஜெபம் சொல்லும் குரலில்தான் அவர் சொல்வார். சனிக்கிழமை ஒன்றில் முடிக்கக்கூடிய வேலையை அவர் தலைமையில் நாங்கள் மூன்று சனிக்கிழமை செய்வோம். ஆனால் அவர் கட்டியதில் ஒன்றுகூட இதுவரை ஆடியதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் கிளையை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில், ஆல்டர்டன் கல்லூரியில், எட்டுக் கறுப்பின மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அந்த எட்டுப் பேரில் பதினோரு பேருடைய குடும்பங்கள் இன்றும் ஊரில் இருக்கின்றன. நிறுவனர் நாள் விருந்தில் எல்லாக் குடும்பத்துக்கும் முன்வரிசைதான். யாரை எழுப்பிப் பின்னால் அனுப்புவது? ஊர் நூலகத்துக்குள் கறுப்பர்களை விடாத காலம் அது. எட்டுப் பேரும் வீடு வீடாகப் போய்ப் புத்தகம் கேட்டு வாங்கி, ஒரு சலூனின் பின்னறையில் அலமாரி போட்டார்கள். முடிவெட்ட வந்தவர்கள் புத்தகத்தோடு போனார்கள். புத்தகம் எடுக்க வந்தவர்களைச் சலூன்காரர் முடிவெட்டாமல் அனுப்பவில்லை. அறுபதுகளில் வாக்காளர் பதிவுக்கு ஆட்களைக் காரில் ஏற்றிப் போனார்கள். அது சிரிக்கிற கதை இல்லை. கறுப்பர்கள் ஓட்டுப் போடுவது பிடிக்காதவர்கள், கார் கொடுத்தவர் வீட்டு ஜன்னல்கள் அத்தனையையும் ஒரே இரவில் உடைத்தார்கள். மறுநாளும் அவர் கார் கொடுத்தார். பிறகு, பள்ளி திறப்பதற்கு முன் பிள்ளைகளுக்கு இலவச முடிவெட்டு வந்தது. மீன் வறுத்து விற்று உதவித்தொகை வந்தது. கடைசியாகச் சாய்தளம். சர்க்கரை நோயில் கால் போனவர்களும் பக்கவாதத்தில் விழுந்தவர்களும் நாலு படியைத் தாண்ட முடியாமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற ஊர் இது. நாங்கள் கட்டியதெல்லாம் பச்சை, வெள்ளை. சங்கத்தின் நிறம்.

ஹோரஸ் சங்கத்தில் சேரும்போது வயது முப்பத்தெட்டு. பகலில் வேலை பார்த்து மாலை வகுப்பில் பட்டம் வாங்கியவர். இருபது வயதில் சேர்ந்தவர்களுக்குச் சங்கம் ஒரு பழைய சட்டை மாதிரி. அவருக்கு அது நேற்று தைத்து வந்த கோட்டு. கார் பச்சை. தபால் பெட்டி பச்சை. வீட்டு வாசற்கதவு பச்சை. மூக்குக்கண்ணாடி உறையும் பச்சை. எங்கள் சின்னம் கொக்கு, எங்கள் ஆட்டம் ஒற்றைக் காலில் நின்று கழுத்தை வெட்டி வெட்டி ஆடுவது. ஹோரஸுக்கு வலது முழங்காலில் இரும்பு வைத்திருக்கிறார்கள். இருந்தும் பாட்டு ஆரம்பித்தால் இடது காலில் நின்றுவிடுவார். அவருடைய மனைவி வெர்னெட் பின்னால் நின்று, பேசிக்கொண்டே, அவர் இடுப்புவாரைப் பிடித்துக்கொள்வார்.

எதிர்ச் சங்கம் ஸீட்டா டௌ ஸீட்டா. அவர்களுக்குக் கோவேறு கழுதை சின்னம். அரக்கும் மஞ்சளும் நிறம். இதனால் ஹோரஸ் இருபத்தெட்டு வருடமாக எதிலும் அந்த மஞ்சள் நிறக் கடுகுச் சாஸ் தொட்டதில்லை. மஞ்சள் பூசணி சாப்பிடமாட்டார். வெர்னெட் அதைத் துருவிப் பாலாடைக்கட்டிக்குள் ஒளித்து வாரம் ஒருமுறை போடுவார். இவர் இரண்டாம் தட்டு கேட்பார்.

சங்கத்தில் வயது கணக்கில்லை, சேர்ந்த வருடம்தான் கணக்கு. தபால்காரர் ராஸ்கோ ஹோரஸைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் கல்லூரிப் பையனாகவே சேர்ந்துவிட்டதால் மூத்தவர். அதனால் அறுபத்தாறு வயது ஹோரஸ், ஐம்பத்தாறு வயது ராஸ்கோவை வாய் நிறைய “அண்ணே” என்பார். ராஸ்கோவும் கூச்சப்படாமல் “என்னடா தம்பி” என்பார்.

இப்போது பாப்லர் தெருவுக்கு வருவோம். பச்சை அடித்த அந்தச் சாய்தளம் மிஸ் லுவென்னா ப்ராஸ்வெல்லின் வீட்டு வாசலில் இருந்தது. வசந்தகாலத்தில் அவருடைய ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காலமான அவருடைய கணவர் எல்ஸ்வொர்த் யாரென்று எங்களில் தெரியாதவர் கிடையாது. கழுதைக்காரர்களின் கிளையை ஆல்டர்டனில் ஆரம்பித்தவரே அவர்தான். அவருடைய நல்லடக்கத்துக்கு நாங்கள் எல்லோரும் போயிருக்கிறோம். ஆனாலும் பிரைமர் காய்ந்ததும் பச்சை டப்பாவைத் திறப்பது எங்களுக்கு மூக்கு அரித்தால் சொறிவது மாதிரி. யாரும் யோசித்துச் செய்வதில்லை. பெயிண்ட் வாசனை ஆகாது, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று மிஸ் லுவென்னாவிடம் சொன்னவரும் ஹோரஸ்தான். அவரும் நாள் முழுக்கச் சாத்தியே வைத்திருந்தார். சாயங்காலம் திறந்தார்.

வலைக்கதவுக்குப் பின்னால் சக்கர நாற்காலி வந்து நின்றது.

“ஹோரஸ், இது என்ன?”

“பச்சைங்க, மிஸ் லுவென்னா.”

“பச்சைன்னு தெரியுது. எனக்குப் போனது காலு, கண்ணு இல்ல. யாரு வீட்டு வாசல்ல அடிச்சிருக்கேன்னு கேக்குறேன்.”

அப்போதுதான் ஹோரஸ் நிமிர்ந்து பார்த்தார். மிஸ் லுவென்னாவின் தலைக்கு மேலே, உள்சுவரில் மாட்டிய படத்தில், அரக்குக் கோட்டும் மஞ்சள் டையும் போட்ட எல்ஸ்வொர்த் நேராக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கதி வெறும் நிறம் மட்டும் இல்லை. வருகிற சனிக்கிழமை ஹோம்கமிங் ஊர்வலம். படித்துப் போனவர்கள் எல்லாம் ஊர் திரும்புகிற நாள். எங்கள் ஊரில் ஒவ்வொரு சங்கமும் ஒரு பெண்ணைத் தங்கள் ‘செல்லம்’ என்று தேர்ந்தெடுக்கும். கழுதைக்காரர்களின் முதல் செல்லம், ஐம்பத்தெட்டாம் வருடத்தில், மிஸ் லுவென்னா. இந்த வருடம் அவரைத் திறந்த காரில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போக முடிவு செய்திருந்தார்கள். கார் அவர் வாசலுக்கே வரும். கழுதைக்காரர் அத்தனை பேரும் கோட்டு போட்டுக்கொண்டு தெருவில் நிற்பார்கள்.

“அவங்க எல்லாரும் பாக்க, நான் கொக்கு முதுகுல ஏறி இறங்கி வரணுமா?” என்றார் மிஸ் லுவென்னா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “ஈஸ்டருக்கு எங்க அண்ணன் பசங்க என்னைச் சோபாவைத் தூக்குற மாதிரி சர்ச்சுக்குத் தூக்கிட்டுப் போனாங்க, ஹோரஸ். பாவாடை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மொத்தச் சபையும் கூரையைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் வெளிய வரல. சனிக்கிழமை வந்தா என் கையால உருட்டிக்கிட்டு வருவேன். இல்லன்னா வரல.”

ஹோரஸ் பச்சையை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். சொன்ன கையோடு அவரே மறுத்தார். வெறும் மரம் மழையில் சிலிர்த்துக்கொள்ளும், கைப்பிடியைப் பிடித்து இழுத்து ஏறுகிறவர் உள்ளங்கையில் சிராய் ஏறும். பழுப்பு அடிக்கலாமா என்று கேட்டார். அது சவப்பெட்டி நிறம் என்றார் மிஸ் லுவென்னா.

“எங்க நிறத்தை அடின்னு நான் சொல்லல. எதுல இறங்கமாட்டேன்னு சொன்னேன். மிச்சம் உன் பாடு,” என்று முடித்துவிட்டு, வலைக்கதவை ஒரு சாண் திறந்து வெண்ணெய் கேக் ஒரு துண்டு கொடுத்தார். அதைச் சாய்தளத்தின் நடுவில் உட்கார்ந்து ஹோரஸ் தின்று முடித்தார். வேறு எங்கே உட்கார்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஹோரஸுக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி எங்கள் காதில் ஊற்றிய விதி. பலகை அடித்து முடித்ததால் மட்டும் அது சாய்தளம் ஆகாது, வீட்டுக்காரர் அதில் இறங்கித் தெருவுக்கு வந்தால்தான் ஆகும். அதுவரை அது வாசலில் கிடக்கிற மரம். இப்போது அவர் வாழ்க்கையிலேயே மிக நேரான கோடு போட்ட ஒரு மரம் பாப்லர் தெருவில் கிடந்தது.

கிளைக் கூட்டம் எங்கள் தலைவர் டாக்டர் விட்செட்டின் பல் ஆஸ்பத்திரியில் நடந்தது. ஈறு நோய் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் எப்போதும் பெரிய முடிவுகள் எடுப்போம். ஹோரஸ் நடந்ததைச் சொன்னார். கழுதைக்காரர்களையே வரச்சொல்லி அவர்கள் நிறத்தை அவர்களே அடித்துக்கொள்ளட்டும் என்றார் ஒருவர். மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அடித்ததோடு கட்டியதும் நாங்கள்தான் என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவர்கள் கவலை. ஹோரஸின் கவலை வேறு. அவர்கள் அடித்தால் சொட்டும் என்றார்.

சாய்தளம் பச்சையாக இருப்பது நம் மரபு என்று டாக்டர் விட்செட் எழுந்து நின்று பேசினார். உட்கார்ந்திருந்த ராஸ்கோ, முதல் சாய்தளத்துக்கு அடித்தது கல்லூரி மைதானத்துப் பெஞ்சுகளுக்கு வாங்கி மிஞ்சிப்போன பெயிண்ட்தான், அதுவும் சங்கத்தின் பச்சை இல்லை, அதைவிட ஒரு பிடி வெளுத்தது என்று நினைவுபடுத்தினார். அது என்ன பச்சை என்பதில் நல்ல சண்டை நடந்தது. கடைசியில், கிளையின் பிரஷ் எதுவும் அரக்கையோ மஞ்சளையோ தொடக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. ஹோரஸும் கை தூக்கினார். அந்த நிறங்களுக்கு எதிராக என்று கேட்டால் அவர் கை தானாகவே தூக்கிக்கொள்ளும்.

வெளியே கார் பக்கத்தில் நின்று அவர் சாவியைத் தேடாமல் தேடிக்கொண்டிருந்தார். ராஸ்கோ வந்தார்.

“என்னடா தம்பி.”

“அந்தம்மா வரமாட்டாங்க, அண்ணே. சொன்னா சொன்னதுதான்.”

“தெரியும். அந்தத் தெருவுல இருபது வருஷமா கடிதம் போடுறேன்.” ராஸ்கோ காரின் மேல் சாய்ந்துகொண்டார். “தீர்மானம் கிளைக்கு. உன் கைக்கு இல்ல. கிளை பிரஷைத் தொடாத. தொப்பியைக் கழட்டிக் கார்ல வச்சிடு. வெறும் ஹோரஸ் மேபினா போய் அடி.”

“மஞ்சளும் அடிக்கணுமே, அண்ணே.”

“மஞ்சளைக் கண்ணை மூடிக்கிட்டு அடி.”

“கண்ணை மூடினா கோடு கோணிரும்.”

“அப்ப திறந்துக்கிட்டு அடிச்சுத் தொலை. மூத்தவன் சொல்றேன்.”

வியாழக்கிழமை காலையில் ஹோரஸ் ஹார்டுவேர் கடைக்குப் போனார். கல்லாவில் இருந்தவர் கழுதைக்காரர். எந்த நிறம் என்று கேட்டார். ஹோரஸ் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். காதில் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் சார் என்றார் அவர். ஹோரஸ் சொன்னார். எந்த வீட்டுக்கு, எத்தனை பூச்சு, மஞ்சளில் எந்த மஞ்சள் என்று ஒவ்வொன்றாக, மிகுந்த மரியாதையோடு, கடையில் இருந்த எல்லோரும் கிட்டே வரும்வரை கல்லாக்காரர் விசாரித்தார். டப்பாக்களைக் கையில் கொடுத்த பிறகுதான் கழுதை மாதிரி கத்தினார். ஹோரஸ் பாப்லர் தெருவுக்குப் போய்ச் சேருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வெர்னெட் கேமராவோடு வந்து வாசலில் காத்திருந்தார்.

ஹோரஸ் கையுறை போட்டுக்கொண்டார். முழங்கைவரை வருகிற கையுறை, சமையலறையில் பாத்திரம் கழுவுகிறது. பச்சையை உப்புத்தாளால் மழுக்கி, துடைத்து, அரக்கை எடுத்தார். முதல் இழுப்புக்கு முன் கொஞ்சம் தயங்கினார் என்று வெர்னெட் இன்றும் சொல்கிறார். தயக்கம் இல்லை, பிரஷில் ஒரு மயிர் உதிர்ந்திருந்தது என்பது ஹோரஸின் வாதம்.

மத்தியானத்துக்குள் நாங்கள் எதிர்ப்பக்க நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். பார்க்க மட்டும். மஞ்சள் உனக்கு நல்லா எடுக்குது என்று ஒருவர் ஹோரஸுக்குச் சொல்லி அனுப்பினார். இனி ஆட்டத்தில் கழுத்தை வெட்டுவாரா, உதைப்பாரா என்று இன்னொருவர் கேட்டார். ஹோரஸ் திரும்பவே இல்லை. உள்ளே வலைக்கதவுக்குப் பின்னால் நாற்காலிச் சக்கரம் அவ்வப்போது கிரீச்சிட்டது.

முதலில் எழுந்தவர் டாக்டர் விட்செட். தூணில் அரக்கும் மஞ்சளும் சேருகிற கோடு இரண்டாம் தூணில் ஒரு மயிரிழை கீழே இறங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பல்லுக்குப் பல் இடைவெளி பார்த்தவருக்கு அதைத் தெருவுக்கு இந்தப் பக்கமிருந்து தாங்க முடியவில்லை. தெருவைத் தாண்டிப் போய் ஒட்டுநாடாவை எடுத்தார். டேப் மட்டும்தான், பெயிண்ட்டைத் தொடமாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். பிறகு ராஸ்கோ டப்பா மூடியைப் பிடித்துக்கொள்ளப் போனார். ஒருவர் வெயில் மறைக்கக் குடை பிடித்தார். ஒருவர் துணியை நனைத்துப் பிழிந்து கொடுத்தார். சாயங்காலத்துக்குள் கிளையின் பாதிப் பேர் அந்த வாசலில், பெயிண்ட் அடிப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் செய்துகொண்டிருந்தார்கள். தீர்மானம் மீறப்படவில்லை. பிரஷ் ஹோரஸின் சொந்தப் பிரஷ்.

பச்சை அரக்குக்குள்ளிருந்து எட்டிப் பார்த்ததால் வெள்ளிக்கிழமை இரண்டாம் பூச்சும் போட வேண்டியிருந்தது. முடித்ததும் ஹோரஸ் மேல்முனையில் குறுக்கே ஒரு கயிறு கட்டி, காயும்வரை யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை கழுதைக்காரர்கள் வந்தார்கள். முன்னால் திறந்த கார், அதன் பின்னால் அரக்குக் கோட்டுகள், அவர்கள் தலைவர் டெரல் கேட்லின். ஈமச்சடங்கு நிலையம் வைத்திருக்கிறவர், அதனால் எங்கே போனாலும் மெதுவாகத்தான் நடப்பார். வாசலில் நின்று சாய்தளத்தை மேலும் கீழும் பார்த்தார். ஒரு விரலைக் கைப்பிடியில் ஓட்டினார். நம்ம பசங்க வந்து முடிச்சிட்டாங்களா, நல்லா இருக்கே என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பக்கத்திலிருந்தவர் இன்னொருவரைப் பார்த்தார். எல்லோரும் வேறு யாரோ செய்ததாக நினைத்துப் பெருமையாகத் தலையாட்டினார்கள். தெருவின் இந்தப் பக்கம் பச்சைக் கோட்டோடு நின்ற நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். டாக்டர் விட்செட் பார்க்கக்கூடாத கடி.

ஹோரஸ் சாய்தளத்தின் மேல்முனையில் நின்றார். ஊர்வல நாள் என்பதால் அவரும் பச்சைக் கோட்டுதான்.

“நம்ம கூரையில என்னப்பா கொக்கு உக்காந்திருக்கு?” என்றார் கேட்லின். அவர் ஆட்கள் சிரித்தார்கள். இரண்டு இளைஞர்கள் நாற்காலியைத் தூக்குவதற்காக மேலே ஏறினார்கள்.

வலைக்கதவு திறந்தது. மிஸ் லுவென்னா மஞ்சள் தொப்பி வைத்திருந்தார். மடியில் கைப்பை. இளைஞர்கள் கயிற்றுக்கு மேலாகக் கை நீட்டி நாற்காலியைப் பிடித்தார்கள்.

“கையை எடுங்கப்பா,” என்றார் இளைஞர்களிடம். அவர்கள் எடுத்தார்கள். “டெரல், இதைக் கட்டுனது யாருன்னு தெரியுமா?”

“நம்ம பசங்கதானே, மிஸ் லுவென்னா?”

“உன் பசங்க இல்ல. இந்தக் கொக்கு. கட்டுனதும் இவன். பச்சையை அடிச்சதும் இவன். அது மேல இதை அடிச்சதும் இவன். உன் தொப்பியைக் கழட்டிட்டு நன்றி சொல்லு. நான் காத்திருக்கேன்.”

கேட்லின் கைப்பிடியைப் பார்த்தார். ஹோரஸைப் பார்த்தார். பிறகு இறந்தவர் வீட்டில் கழற்றுவது போல மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

“நன்றிங்க, மிஸ்டர் மேபின்,” என்றார். ஒரு கணம் கழித்து, தன் தொழிலிலும் மரத்தைத் தடவிப் பார்க்கிறவர் என்பதால், “கோடு ரொம்ப நேரா இருக்கு,” என்றும் சொன்னார்.

“டேப் டாக்டர் ஒட்டுனது,” என்றார் ஹோரஸ்.

மிஸ் லுவென்னா கைப்பிடியில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. ஹோரஸ் குறுக்குக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். அதையும் அவர் அளந்து கட்டியிருந்ததால் அவிழ்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கயிறு தளர்ந்ததும் அதைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

“உங்களுது, மிஸ் லுவென்னா.”

அவர் கயிற்றை வாங்கிக் கைப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சக்கரத்தின் பிரேக்கை விடுவித்தார்.